முருகையாவின் ஐஸுக்குக் கிடைத்த குடிநீர் விருது

அந்தமானின் ஹட் பேயில் ஐஸ் பிளான்ட் நடத்திய முருகையாவுக்கு அரசாங்க விருது கிடைத்தது. அந்த வருஷமே ஹட் பேயில் ஐஸ் கிடைக்காமல் போனது. இந்த இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று தீவுத் தொழில் மேன்மை வாரியத்தைக் கேட்டால் இல்லை என்பார்கள். வாரியம் இல்லை என்றால் இல்லைதான். கொஞ்ச காலமாக முருகையாவும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மனிதர் விருதுக்கு ஆசைப்பட்டவர் அல்ல. சிலோன் மலைத் தோட்டத்திலிருந்து கப்பலேற்றிக் கட்சால் தீவின் ரப்பர் காட்டில் கொண்டு வந்து இறக்கிய குடும்பம் அவருடையது. சுனாமி கட்சாலைப் புரட்டிப் போட்ட பிறகு மனைவி ஒச்சம்மாவோடு ஹட் பேக்கு வந்து செம்பனைத் தோட்டத்தில் கூலிக்குச் சேர்ந்தார். அந்தத் தோட்டத்தையும் மூடிவிட்டார்கள். அவர் கால் வைத்த இடத்தை ஒன்று கடல் எடுத்தது, இல்லாவிட்டால் அரசாங்கம் மூடியது. ஆகவே இரண்டு பேருடைய கண்ணிலும் படாத ஒரு தொழிலாக இருக்கட்டும் என்று யோசித்து, தூத்துக்குடியிலிருந்து ஒரு பழைய கம்ப்ரஸரை வரவழைத்து, ஜெட்டிக்குப் பக்கத்தில் ஷெட் போட்டு ஐஸ் பார் போட ஆரம்பித்தார்.

தொழில் நன்றாகவே நடந்தது. ஹட் பேயில் கிழமை என்பது இரண்டுதான், கப்பல் வருகிற நாள், கப்பல் வராத நாள். கப்பல் நாள் விடிந்தால் மீன்காரர்கள் எல்லாரும் முருகையாவின் ஷெட் வாசலில் நிற்பார்கள். தெர்மகோல் பெட்டியில் ஒரு அடுக்கு மீன், ஒரு அடுக்கு உடைத்த ஐஸ் என்று போட்டுக் கட்டி அன்றைய கப்பலில் ஏற்றினால் போர்ட் பிளேயரில் நல்ல விலைக்குப் போகும். ஐஸ் இல்லாவிட்டால் அதே மீனை ஹட் பே பஜாரில் வந்த விலைக்குத் தள்ள வேண்டும். அதையும் வாங்க ஆள் இருந்தால்தான். அதனால் கம்ப்ரஸர் ஓடுகிற சத்தம் கேட்கிறதா என்று படகுக்காரர்கள் கடலிலிருந்தே காது கொடுத்துக் கேட்பார்கள். அதில் சுதாகர் என்பவன் கொஞ்சம் அதிகமாகவே கேட்பான். தெலுங்குக் குடும்பத்துப் பிள்ளை. கடன் வாங்கி டிங்கி படகு விட்டவன். முருகையாவின் ஐஸை நம்பித்தான் படகையே வாங்கினான்.

இப்படி யாருக்கும் தொந்தரவில்லாமல் போய்க்கொண்டிருந்த இடத்துக்குத்தான் வாரியத்தின் ஹட் பே கிளைக்கு அதிகாரியாகக் கிருஷ்ணமூர்த்தி வந்து சேர்ந்தார். ஒவ்வொரு தீவிலிருந்தும் ஒரு தொழில்முனைவராவது விருதுக்குப் போயாக வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. ஹட் பேயில் பேக்கரி வைத்திருந்தவர் மகள் கல்யாணத்துக்கு மெயின்லேண்ட் போயிருந்தார். மர அறுவை மில்லின் மேல் வழக்கு இருந்தது. மிச்சம் இருந்தவர் முருகையா.

"ஒரு சாம்பிள் குடுங்க முருகையா. உங்க பேரைத்தான் அனுப்பப்போறேன்."

"ஐஸை எப்படி சார் சாம்பிள் அனுப்ப ஏலும்? போர்ட் பிளேயர் போய்ச் சேர முன்ன கரைஞ்சிருமே."

"எல்லாருக்கும் ஒரே ரூல்தான். தேங்காய் எண்ணெய்க்காரர் சீல் வெச்சு அனுப்பறார், உங்களுக்கு மட்டும் விதிவிலக்கு குடுத்தா நாளைக்கு ஆடிட்ல கேப்பாங்க."

"கரைஞ்சா என்னா சார் செய்றது?"

கிருஷ்ணமூர்த்தி பையிலிருந்து பேனாவை எடுத்தார். "கரையக் கூடாதுன்னு எழுதி ஒட்டிடலாம்," என்றார்.

ஒட்டினார்கள். இந்தியில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று. ஒரு முழு ஐஸ் பாரை மரத்தூளில் புரட்டி, நீல டிரம்மில் இறக்கி, மூடியைச் சுற்றி அரக்கு சீல் வைத்தார்கள். மரத்தூள் படாக் மரத்தினுடையது. ரத்தச் சிவப்பாக இருக்கும். ஐஸ் கரையாமல் இருக்க அதைவிட நல்ல சாமான் அந்தமானில் கிடையாது. ஆனால் மறுநாள் கடல் சரியில்லை என்று கப்பலை ரத்து செய்தார்கள். டிரம் ஜெட்டிக் கொட்டகையில் கிடந்தது. அடுத்த கப்பலில் போய் வாரிய அலுவலகத்து வராந்தாவில் வெயிலில் கிடந்தது, நடுவர் குழுத் தலைவர் லீவில் போயிருந்ததால். அவர் லீவு முடிந்து வந்து, குழு கூடி, சீலை உடைத்துப் பார்த்தபோது உள்ளே தண்ணீர் இருந்தது. நடுவர்கள் மதிப்புக்குரியவர்கள். டிரம்மில் தண்ணீர் இருந்தால் அதைத் தண்ணீர் என்றுதான் சொல்வார்கள். ஆளுக்கு ஒரு கிளாஸ் ஊற்றிக் குடித்துப் பார்த்தார்கள்.

போர்ட் பிளேயரில் விருது விழா. முருகையா ஒச்சம்மா எடுத்துக் கொடுத்த புது வேட்டியைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் உள்ளுக்குள் சந்தோஷம் இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும். கட்சாலில் இருக்கிற சொந்தக்காரர்கள் எல்லாரும் போன் பண்ணிக் கேட்டிருந்தார்கள். மேடையில் அவர் பெயரைப் படித்தார்கள். "இளஞ்சிவப்பு நிறமும் காட்டு மணமும் கொண்ட இயற்கைக் குடிநீரைத் தயாரித்து வழங்கும் ஸ்ரீ முருகையா, ஹட் பே."

முருகையா எழுந்திருக்கவில்லை. அது வேறு யாரோ முருகையா என்று நினைத்துவிட்டார். பின்னாலிருந்து கிருஷ்ணமூர்த்தி முதுகில் குத்தினார்.

"சார், நான் தண்ணி விக்கல சார்."

"அதை இப்ப சொல்லாதீங்க. மேல போங்க. போட்டோகிராபர் காத்திருக்கார்."

மேலே போனார். கண்ணாடிப் பெட்டிக்குள் பித்தளையில் ஒரு தென்னை மரம். வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பிறகு வாரியத்தின் தலைவர் பேசினார். இந்தியில் பேசினாலும் நிதானமாகப் பேசினார், எல்லாருக்கும் புரிந்தது.

"நம் விருதின் தரத்தைப் பற்றிச் சிலர் கேட்கிறார்கள். புள்ளிவிவரத்தோடு பதில் சொல்கிறேன். இதுவரை நாம் விருது கொடுத்த தொழில்களில் பாதிக்கு மேல் மூடிவிட்டார்கள். ஆனால் நாம் கொடுத்த விருதுகளில் ஒன்றுகூடப் பழுதாகவில்லை. துருப்பிடிக்கவில்லை. நிறம் மங்கவில்லை. தொழில் வரும், போகும். விருது நிலைத்து நிற்கும். இந்தத் தொழில்முனைவர்கள் வெயிலிலும் மழையிலும் பாடுபடுகிறார்கள் என்றால் அது எதற்காக? இந்த ஒரு நாளுக்காக. இந்த ஒரு நாள் இல்லையென்றால் நமக்கும் இவர்களுக்கும் என்ன சம்பந்தம்?"

பலமாகக் கை தட்டினார்கள். முருகையாவும் தட்டினார்.

விழா முடிந்து சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது மறுபடி கிருஷ்ணமூர்த்தியைப் பிடித்தார். விருதில் பொருளின் பெயரை மட்டும் மாற்றித் தர முடியுமா என்று கேட்டார்.

"குழுவைக் கலைச்சாச்சு முருகையா. இல்லாத குழு எப்படித் திருத்தும்? விருதைத் திருத்த வழி கிடையாது. பொருளைத் திருத்த வழி இருக்கு. நல்லா யோசிச்சுப் பாருங்க, நீங்க செய்யறதும் தண்ணிதானே. கடைசி வேலை ஒண்ணை மட்டும் விட்டுட்டா போதும்."

ஐஸ்காரனுக்கு அந்தக் கடைசி வேலைதான் முழு வேலையும். இதை எடுத்துச் சொல்லலாம் என்று முருகையா வாயைத் திறந்தார். தட்டில் பூரி விழுந்தது. வரிசை நகர்ந்துவிட்டது.

ஹட் பேக்குத் திரும்பி வந்தபோது ஷெட்டின் மேல் வாரியத்தின் போர்டு ஏறியிருந்தது. விருது பெற்ற குடிநீர் நிலையம் என்று மூன்று மொழியில். ஒச்சம்மா பித்தளைத் தென்னையை முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சூடம் காட்டினாள். அவர் விஷயத்தைச் சொன்னதும், "போர்டுல என்னா வேணும்னாலும் இருக்கட்டுமேங்க. நீங்க பாட்டுக்கு ஐஸைப் போடுங்க," என்றாள். அதுவும் சரிதான் என்று போட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் வாரியத்திலிருந்து தரப் பரிசோதனைக்கு சௌமியா மேடம் வந்தார். சென்னையில் படித்து முடித்த கையோடு வேலையில் சேர்ந்த பெண். ரொம்ப மரியாதையான பெண். குளிர்த் தொட்டியிலிருந்து பாரைத் தூக்கி வெளியே வைத்ததும் குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தார்.

"சார், இது ஏன் கெட்டியா இருக்கு?"

"ஐஸும்மா அது."

"எவ்வளவு நாளா இப்படி ஆகுது?"

"நான் பிளான்ட் போட்ட நாள்லருந்தேம்மா."

அவர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "ஆரம்பத்துலயே சொல்லியிருந்தா சரி பண்ணியிருக்கலாம். மொத்த ஸ்டாக்கும் உறைஞ்சு போயிருக்கு. கஷ்டமாத்தான் இருக்கும் உங்களுக்கு, நான் ரிப்போர்ட்ல உங்க மேல தப்பு இல்லைன்னுதான் எழுதப்போறேன். மிஷின் ஓவரா கூலாகுது. அதை நிறுத்திட்டீங்கன்னா ப்ராப்ளம் சால்வ்டு."

வாசலில் ஐஸுக்கு நின்றுகொண்டிருந்த சுதாகருக்குப் பொறுக்கவில்லை. "மேடம், ஹம்கோ பரஃப் தான் வேணும், ஐஸ். மீனுக்கு. தண்ணி நாங்க என்ன பண்றது, கடல்லயே நிக்கிறோம்," என்றான். மேடம் அவனையும் மரியாதையாகவே பார்த்தார். விருது பெற்ற நிறுவனத்தின் லைசென்ஸ் தானாகவே புதுப்பிக்கப்பட்டுவிட்டது என்றும், ஆனால் அது விருதில் சொல்லியிருக்கிற பொருளுக்கு மட்டும்தான் என்றும், ஐஸ் லைசென்ஸ் தானாகவே காலாவதியாகிவிட்டது என்றும் விளக்கினார். இந்த வசதிக்காக முருகையா எந்த ஆபீஸுக்கும் அலைய வேண்டியதில்லை என்பதையும் சொன்னார்.

முருகையா யார் யாரிடமோ சொல்லிப் பார்த்தார். சொன்ன இடத்திலெல்லாம் முதலில் வாழ்த்துச் சொன்னார்கள். நாற்காலி போட்டு டீ கொடுத்தார்கள். விருது வாங்கியவர் குறை சொல்கிறார் என்பது அவர்கள் காதிலேயே ஏறவில்லை. குறை இருந்தால் விருது எப்படிக் கிடைத்திருக்கும்?

அதனால் திருட்டுத்தனமாக ஐஸ் போட ஆரம்பித்தார். சொந்த ஷெட்டில், சொந்த மிஷினில், சொந்தத் தண்ணீரில். சோதனைக்கு அதிகாரிகள் யாரும் வராத நாளாகப் பார்த்துப் போட்டால் போதும் என்று கணக்குப் போட்டார். ஹட் பேக்கு அதிகாரி எப்படி வருவார்? கப்பலில்தான் வருவார். மீன் எப்படிப் போகும்? அதே கப்பலில்தான் போகும். ஐஸ் வேண்டியிருந்த நாளும் ஐஸ் இருக்கக் கூடாத நாளும் ஒன்றாகவே இருந்தன. கப்பல் வராத நாளில் எவ்வளவு வேண்டுமானாலும் ஐஸ் போட்டுக்கொள்ளலாம், வாங்க ஆள் இருக்காது.

அதோடு விருது பெற்ற நிறுவனத்தைப் பார்க்கக் குழுக்கள் வேறு வர ஆரம்பித்தன. கார் நிக்கோபாரிலிருந்து ஒரு குழு, மெயின்லேண்டிலிருந்து பயிற்சி அதிகாரிகள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு கூட்டம் இறங்கும். கிருஷ்ணமூர்த்தி முதல் நாளே வந்து கம்ப்ரஸரை நிறுத்தச் சொல்லுவார். உள்ளே இருக்கிற பாரையெல்லாம் வெளியே தள்ளி வெயிலில் கரைய விடுவார்கள். குழுவினர் ஆளுக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்துவிட்டு, இளஞ்சிவப்பு நிறம் எங்கே என்று கேட்பார்கள். முருகையா ஒரு கை படாக் மரத்தூளை எடுத்துத் தண்ணீரில் போட்டுக் கொடுக்கக் கற்றுக்கொண்டார்.

ஐஸ் பாரை வெறுங்கையால் பிடித்துக்கொண்டே இருந்தால் முதலில் வலிக்கும், அப்புறம் எரியும், அதற்கப்புறம் கை இருக்கிற நினைப்பே போய்விடும். தொழிலில் இது எல்லாருக்கும் தெரியும். முருகையாவுக்கு அப்போது மனசு அந்த மூன்றாவது கட்டத்துக்கு வந்திருந்தது. கோபம் வரும் வரும் என்று அவரே எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். வரவில்லை. அழுகையாவது வருமா என்று பார்த்தார். அதுவும் இல்லை.

ஒரு கப்பல் நாளில் சுதாகர் படகு நிறைய சுருமை மீன் கொண்டு வந்தான். அப்படியொரு மீன்பாடு அவனுக்கு அந்த சீசனிலேயே கிடைத்ததில்லை. நேராக ஷெட்டுக்கு ஓடி வந்தான். உள்ளே மெயின்லேண்ட் குழு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, மீன் மால் ஃபுல்லா இருக்கு. எவ்வளவு பரஃப் இருந்தாலும் குடுண்ணே."

"இல்ல தம்பி. நேத்தே கரைச்சிட்டாங்க."

"தோடா சா, கொஞ்சம்கூட இல்லையா?"

"இல்லப்பா."

கடல் கொந்தளிப்பாக இருந்ததால் அன்றைக்குக் கப்பலும் தாமதம். மீன் ஜெட்டியிலேயே கிடந்து நாறிப்போனது. சுதாகர் அதைத் திரும்பக் கடலில் கொட்டக்கூட மனசில்லாமல் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தான். கப்பலேற வந்த குழுத் தலைவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, இவ்வளவு நல்ல குடிநீர் நிலையத்துக்குப் பக்கத்தில் இப்படி ஒரு நாற்றமா என்று கேட்டார். கிருஷ்ணமூர்த்தி பதறிப்போய் முருகையாவைக் கூப்பிட்டார். விருது பெற்ற தண்ணீரை டிரம் டிரம்மாகக் கொண்டு வந்து ஜெட்டியைக் கழுவச் சொன்னார். முருகையா கழுவினார். சுதாகர் காலைத் தூக்கிக்கொண்டு இடம் விட்டான். அந்த மீன் நாற்றத்தில் முருகையாவுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த வெட்கம்கூட அடுத்த வீட்டுக்காரருடையது மாதிரி எட்ட நின்றது.

அதற்குப் பிறகு கம்ப்ரஸரைப் போடவில்லை. தண்ணீரும் விற்கவில்லை. அருவியும் மழையும் இருக்கிற ஊரில் தண்ணீரைக் காசு கொடுத்து யார் வாங்குவார்கள்? ஷெட் சும்மா கிடந்தது. படகுக்காரர்கள் சிலர் போர்ட் பிளேயருக்கே போய்விட்டார்கள். சுதாகர் மட்டும் ஊரிலேயே இருந்து, கிடைத்ததைப் பஜாரில் விற்றுக்கொண்டிருந்தான்.

மறு வருஷம் முருகையாவுக்கு இன்னொரு விருது வந்தது. புகை இல்லை, கழிவு இல்லை, மின்சாரச் செலவு இல்லை, ஒரு புகார்கூட இல்லை. தீவுகளிலேயே சுற்றுச்சூழலுக்கு இவ்வளவு அனுகூலமான தொழிற்சாலை வேறு கிடையாது என்று புதிய குழு ஒருமனதாகத் தீர்மானித்தது. அதே மேடை, அதே தலைவர். பித்தளைத் தென்னையைக் கையில் கொடுத்தபடி கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"ஆப் க்யா பனாதே ஹைன்?"

என்ன தயாரிக்கிறீர்கள் என்று அர்த்தம். முருகையா உண்மையைச் சொன்னார்.

"குச் நஹி சாப்." ஒன்றுமில்லை ஐயா என்று.

"பஹுத் படியா," என்று தலைவர் தோளில் தட்டிக் கொடுத்தார். "இப்படியே தொடருங்கள்."

மைக்கைப் பிடித்து, அன்றைக்கே ஓர் அறிவிப்பும் செய்தார். இரண்டு முறை விருது பெற்ற அந்த நிறுவனத்தை வாரியமே நிரந்தரக் காட்சிக்கூடமாக எடுத்துக்கொள்கிறது. வருகிறவர்களுக்கு எடுத்துச் சொல்ல அங்கே ஒரு தினக்கூலி மஸ்தூர் வேலையும் உருவாக்கப்படுகிறது. உள்ளூர்க்காரர்களுக்கு முன்னுரிமை. அனுபவம் உள்ளவர்களுக்குக் கூடுதல் முன்னுரிமை.

முருகையா மனுப் போட்டார். கிடைத்தது.

ஊரில் அன்றைக்குத்தான் அவரை நிஜமாகவே வாழ்த்தினார்கள். ஐஸ் பிளான்ட் முதலாளியாக இருந்தபோது தலையாட்டிவிட்டுப் போனவர்களெல்லாம் நின்று கை கொடுத்தார்கள். சொந்தத் தொழில் யாருக்கும் இருக்கும். அந்தமானில் கவர்மெண்ட் மஸ்தூர் வேலைக்கு ஈடு உண்டா?

"இனிமே பயமில்லைங்க," என்றாள் ஒச்சம்மா. "மழை பேஞ்சாலும் கப்பல் நின்னாலும் சம்பளம் வரும். பர்மனன்ட் பண்ணுவாங்களா?"

"கேட்டுப் பாக்கணும்."

"குவார்ட்டர்ஸ் குடுத்தா நல்லாயிருக்கும்."

"ம்," என்றார் முருகையா. அவள் சந்தோஷமாக இருந்தது தெரிந்தது. சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார்.

காட்சிக்கூடத்தில் பெரிதாக வேலை ஒன்றும் இல்லை. காலையில் வந்து மஸ்டரில் கையெழுத்துப் போட்டு, வாரியத்தின் சாவியை வாங்கித் தன் ஷெட்டைத் திறக்க வேண்டும். கம்ப்ரஸரைச் சுற்றிச் சிவப்புக் கயிறு கட்டியிருந்தார்கள். அதைத் துடைக்கலாம், ஓட்டக் கூடாது. வருகிறவர்களிடம் இதுதான் இயந்திரம், இதுதான் தொட்டி என்று காட்ட வேண்டும். ஐந்து மணிக்குப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாம். முருகையா ஒரு நாள்கூடப் பிந்தி வரவில்லை.

மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம் சுதாகர் வாசலில் வந்து நின்றான். சட்டையெல்லாம் செதில். மறுநாள் கப்பல்.

"அண்ணே, நல்ல பாடு இன்னைக்கு. ரொம்ப நாளைக்கப்புறம். பேங்க்காரன் படகைத் தூக்கிட்டுப் போக நாள் குறிச்சிட்டான். இந்த ஒரு மால் போர்ட் பிளேயர் போயிட்டா அவன் வாயை அடைச்சிடுவேன். மிஷின் ஓடும்ல? ராத்திரி ஒரு தடவை போடுண்ணே. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

முருகையா திரும்பிக் கம்ப்ரஸரைப் பார்த்தார். அது ஓடும். அன்றைக்குக் காலையில்தான் எண்ணெய்த் துணியால் துடைத்திருந்தார். தொட்டியில் தண்ணீர் நிரம்பியிருந்தது. ஸ்விட்ச், கயிற்றுக்கு அந்தப் பக்கம் கை எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. பிறகு சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தாகப் போகிறது.

"டைம் முடிஞ்சிருச்சு தம்பி," என்றார். "காலையில வா. என்னா வேணும்னு எழுதிக் கொண்டா. சாப் வந்தா குடுத்துப் பாக்குறேன்."

"காலையில மீன் என்ன ஆகும்ணே?"

முருகையா மேஜை மேல் இருந்த சாவியை எடுத்துக்கொண்டார்.

"அது எங்க செக்ஷன் இல்லப்பா," என்று சொல்லி, அவனை விலகி நிற்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.